துண்டு கட்டிய கண்ணாடிகள்

மிலுதினின் காருக்குக் காது உண்டு என்று எங்கள் ஊரான லிபோவிட்சாவில் எல்லோரும் சொல்வார்கள். சாவியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் அதன் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மெல்ல மடங்கிக் கதவோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி அமுக்கினால் விரியும். ஜெர்மனியில் நன்றாக உழைத்து ஓய்வு பெற்ற அந்தக் காரை அவர் ஊருக்குள் கொண்டுவந்த அன்று காபிக் கடை வாசலில் நிறுத்தினார். உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, காபி வரும்வரை சாவியை நீட்டி நீட்டி அமுக்கிக்கொண்டிருந்தார். கார் காதை ஆட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் கடைக்காரர் காபியை வைத்துவிட்டு, "என்ன மிலுதின், வண்டிக்கு ஈ தொந்தரவா?" என்று கேட்டார்.

மிலுதின் சிரிக்கவில்லை. வகித்த பதவிகள் அப்படி. நகராட்சிச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர். ஓட்டுநர் தேர்வு நடத்தும் தேர்வாளரும் அவர். ஊரில் இருக்கும் ஒரே டிரைவிங் ஸ்கூலும் அவருடையதுதான், ஆனால் தேர்வாளர் ஸ்கூல் நடத்தக் கூடாது என்று சட்டம் இருப்பதால் அது அவர் மனைவி பெர்சிதாவின் பெயரில் இருந்தது. பெர்சிதாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒருமுறை ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டு, தன் ஸ்கூலிலேயே ஃபெயிலானார்.

அவர் ஃபெயிலானதும் கண்ணாடியில்தான். மிலுதினுக்குக் கண்ணாடி என்றால் வெறி. "விபத்துல பாதி கண்ணாடியில ஆரம்பிக்குது" என்பார். மீதிப் பாதி என்ன ஆகிறது என்று கேட்டால், "அதுவும் கண்ணாடியிலதான் முடியுது" என்பார். 'கண்ணாடியும் குடிமைப் பொறுப்பும்' என்று ஒரு பிரசுரம் எழுதி நகராட்சிச் செலவில் அச்சடித்திருந்தார். அட்டையில் ஒரு பக்கக் கண்ணாடி, அதற்குள் அவர் முகம்.

பிரசுரத்தில் சொல்லியிருந்தது இவ்வளவுதான். முதலில் சீட்டைச் சரி செய். முதுகு சாய்ந்திருக்கும்போதே கால் பிரேக்கை எட்ட வேண்டும். பிறகு உள் கண்ணாடி, தலையைத் திருப்பாமல் பின் ஜன்னல் முழுவதும் தெரியும்படி. பிறகு கதவில் இருக்கும் குமிழை இடப்பக்கம் திருப்பி இடது கண்ணாடியையும், வலப்பக்கம் திருப்பி வலது கண்ணாடியையும் நகர்த்து. சாலை முடிந்து வானம் தொடங்கும் கோடு கண்ணாடியின் நடுவில் வர வேண்டும். சொந்தக் காரின் உடம்பு ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் தெரியக் கூடாது. கடைசியில் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து விடு, இல்லாவிட்டால் முழங்கை பட்டு எல்லாம் கலைந்துவிடும்.

எல்லாமே சரியான விஷயம். அதுதான் மிலுதினிடம் உள்ள தொல்லை. அவர் சொல்வதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

துன்யாவை அவர் இரண்டு முறை ஃபெயிலாக்கினார். முதல் முறை, அவள் சீட்டைத் தொடுவதற்கு முன் கண்ணாடியைத் தொட்டுவிட்டாள். "இது சட்டை போடாம டை கட்டுற மாதிரிம்மா" என்று சொல்லி இறங்கச் சொன்னார். இரண்டாம் முறை ஊர் முழுக்க ஒழுங்காக ஓட்டிக் காட்டிவிட்டு வந்து நிறுத்தினாள். அவர் குனிந்து குமிழைப் பார்த்தார். அது இடப்பக்கமே திரும்பியிருந்தது. அன்றும் இறங்கச் சொன்னார்.

துன்யா நர்ஸ். யாசெனாவுக்கு மேலே இருக்கும் மலை ஊர்களுக்குப் போய்வர ஒரு நர்ஸ் வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். டிரைவர் கிடையாது, நர்ஸேதான் ஓட்டிப் போக வேண்டும். மாதம் முடிவதற்குள் லைசன்ஸோடு வந்தால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் லைசன்ஸோடு ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தேர்வு புதன்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் துன்யாவுக்கும் என் தங்கை மகன் போக்தானுக்கும் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்துக்குக் கும் யார் என்றால், மிலுதின்.

கும் என்பவர் கல்யாணத்துக்குச் சாட்சி, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஞானத்தகப்பன், பந்தியில் முதல் தட்டுக்குச் சொந்தக்காரர். அதுவும் பரம்பரைப் பதவி. மிலுதினின் தாத்தா போக்தானின் தாத்தாவுக்குக் கும். வீட்டை மாற்றலாம், கட்சியை மாற்றலாம், எங்கள் ஊரில் கும்மை மட்டும் யாரும் மாற்றியதில்லை.

என் தங்கை ஸ்தாமெனா இதை வேறு மாதிரி பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், வருங்கால மருமகளைச் சமையலறையில் உட்கார வைத்து, முட்டைக்கோஸ் இலையில் கறியை வைத்துச் சுருட்டிக்கொண்டே பாடம் எடுத்தாள்.

"புதன்கிழமை வரைக்கும் கும் என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டு. அவர் பாட்டைத் தப்பாப் பாடினாலும் கை தட்டு."

"தப்பாக் கண்ணாடி பாத்தா அத்தை?" என்றாள் துன்யா.

"யாரு, அவரா? தூக்கத்துல புரண்டு படுக்கிறதுக்கு முன்னாடிகூட ரெண்டு பக்கமும் பாப்பாராம். பெர்சிதாவே சொல்லியிருக்கா."

"மாமா, நீங்க சொல்லுங்க," என்று துன்யா என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, நான் என்ன தேர்வாளனா?" என்றேன். "இலையைச் சுருட்டு."

ஸ்தாமெனா வாயால் மட்டும் கும்மைக் குளிர்விக்க நினைக்கவில்லை. கல்யாண ஊர்வலத்தில் கார்களின் பக்கக் கண்ணாடியில் துண்டு கட்டுவோம். சாதாரண விருந்தாளியின் காருக்குக் கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று. கும்மின் காருக்கு மட்டும் கைத்தறியில் நெய்து சிவப்புப் பூ வேலை செய்த துண்டு. மரியாதை எவ்வளவோ, துண்டும் அவ்வளவு நீளம். புதன்கிழமையை மனதில் வைத்து ஸ்தாமெனா நெய்யச் சொன்ன துண்டில், குளித்துவிட்டு வந்த ஒரு முழு ஆளைத் துவட்டலாம்.

சனிக்கிழமை காலை அந்த இரண்டு துண்டுகளையும் அவள்தான் தன் கையால் கட்டினாள். கண்ணாடியின் கழுத்தைச் சுற்றி, வயிற்றைச் சுற்றி, பிறகு இன்னொரு சுற்று, அதன் மேல் முடிச்சு. மிலுதின் பக்கத்தில் நின்று பார்த்தார். மற்றக் கார்களின் துண்டுகளையும் ஒரு பார்வை பார்த்தார். திருப்தியோடு முற்றத்துக்கு நடந்து, ராக்கியா என்னும் பழச்சாராயக் குவளையை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சாவியை நீட்டி அமுக்கினார்.

கார் காதை மடக்கப் பார்த்தது. முடியவில்லை. கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. இடது கண்ணாடி பாதி தூரம் போய் நின்று, நடுங்கி, திரும்பி வந்தது. வலது கண்ணாடி போன இடத்திலிருந்து திரும்ப முயன்று, துண்டுக்குள் ஏதோ ஒடிவது போல டக்கென்றது. மிலுதின் மறுபடி அமுக்கினார். மறுபடியும் கர்ர். பல்வலிக்குக் கட்டுப்போட்ட கழுதை தலையை ஆட்டினால் அப்படித்தான் இருக்கும்.

எல்லாம் அடங்கியபின் நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடிகள் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் உள்ளே கண்ணாடித் தகடு அண்ணாந்து நின்றது. இடது கண்ணாடியை முக்கால்வாசி துண்டே மூடியிருந்தது.

"குமே," என்றேன், "துண்டை ஒரு நிமிஷம் அவுத்துட்டுச் சரி பண்ணிடலாமே."

ஸ்தாமெனா என் முழங்கைக்கு மேலே கிள்ளினாள்.

"கும்மோட துண்டை அவுக்குறதா?" என்றார் மிலுதின். "பொண்ணு புகுந்த வீட்டு வாசப்படியைத் தாண்டுறதுக்கு முன்னாடி அவுத்தா கெட்ட சகுனம். காவ்ரா, நீ எந்த நாட்டுக்காரன்டா?"

"இந்த நாடுதான். கண்ணாடியிலதான் நாடு தெரியலை, வெறும் வானம் தெரியுது."

அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். சீட்டைச் சரி செய்தார். குமிழை இடப்பக்கம் திருப்பி அமுக்கினார். துண்டுக்குள் மோட்டார் டிக் டிக் என்று உழைத்தது. எதுவும் அசையவில்லை. வலப்பக்கம் திருப்பி அமுக்கினார். அங்கேயும் டிக் டிக். பிறகு குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து விட்டார். அதை மறக்கவில்லை.

"சரியாயிடுச்சு," என்றார்.

"என்ன தெரியுது?"

"தெரிய வேண்டியது தெரியுது."

ஆனாலும் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அல்லவா, ஏற்பாடு இல்லாமல் கிளம்புவாரா? நான் கல்யாணக் கொடி பிடிப்பவன், முன் சீட்டில் உட்கார்ந்து வலப்பக்கம் கவனிக்க வேண்டும். பின் சீட்டில் பெர்சிதா இடப்பக்கம். எங்களுக்குப் பின்னால் வேனில் வரும் பேண்டுக்காரர்கள், யாராவது முந்த வந்தால் ட்ரம்பெட் ஊதி எச்சரிக்க வேண்டும்.

பேண்டுத் தலைவர் எக்ரெம் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஐயா, நாங்க வழி பூரா ஊதிட்டேதானே வருவோம். அதுல எது எச்சரிக்கை?"

"எச்சரிக்கைன்னா வேற மாதிரி ஊதணும்."

"வேற மாதிரின்னா, சோகமாவா?"

"கவனமா!" என்றார் மிலுதின்.

எக்ரெம் தன் ஆட்களைப் பார்த்தார். கவனமாக ஊதி அவர்களுக்குப் பழக்கமில்லை.

துன்யாவின் ஊரான யாசெனா வரை மேடேறிப் போனதில் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணக் கொடிக்கு முன்னால் யாரும் போகக் கூடாது என்பதால் எங்களை யாரும் முந்தவில்லை, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வேறு யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். பெண் வீட்டு வாசலில் உயரமான கம்பில் கட்டியிருந்த ஆப்பிளை, எங்கள் வழக்கப்படி, போக்தான் துப்பாக்கியால் சுட்டு விழத்தட்டினான். முதல் குண்டு பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குப் போனது, அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ராக்கியா, அழுகை, பாட்டு எல்லாம் முடிந்து துன்யாவை அழைத்துக்கொண்டு வந்து மிலுதினின் காரில் ஏற்றினார்கள். போக்தான் பின்னால் வேறு காரில்.

துன்யா வெள்ளைக் கவுனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு பெர்சிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் கிளம்பியது. கொஞ்ச நேரம் வலப்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"குமே, கண்ணாடியில மேகம் தெரியுது."

நான் திரும்பி அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். புதன்கிழமை என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"இன்னிக்கு நீ மணப்பொண்ணும்மா," என்றார் மிலுதின். "மாணவி புதன்கிழமைதான். இன்னிக்கு முன்னால மட்டும் பாத்துட்டு வா, போதும்."

துன்யா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் முன்னால் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, பெர்சிதாவின் தொப்பிக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மலை இறங்கியதும் சாலை நேராகிவிடும். அங்கேதான் மரம் ஏற்றிய ஒரு லாரி எங்கள் ஊர்வலத்தின் வாலைப் பிடித்தது. அதற்கு அவசரம், எங்களுக்கு இல்லை. நாங்கள் மாட்டுவண்டி வேகத்தில், ஒரு காருக்கு ஒரு ஹாரன் வீதம் அடித்துக்கொண்டு போனோம். நான் வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே கொடியை ஆட்டிக்கொண்டிருந்தேன். கவனிக்கச் சொன்ன பக்கத்தைக் கொடி மறைத்தது, அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், அதனால் முந்துவதற்கு லாரி இடப்பக்கம் ஏறி, கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டத் தொடங்கியது. தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்தது. தாண்டப்பட்ட ஒவ்வொரு காரும் பதிலுக்கு மகிழ்ச்சியாக ஹாரன் அடித்தது. எக்ரெமின் வேனிலிருந்து ட்ரம்பெட் கிளம்பியது. அது எச்சரிக்கையா, இரண்டாவது பாட்டா என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை.

லாரி எங்கள் பக்கத்தில் வந்து நீளமாக அடித்தது. மிலுதின் அதைவிட நீளமாக அடித்தார்.

இடப்பக்கத்துக்குப் பொறுப்பாளியான பெர்சிதா ஜன்னலில் கையை ஆட்டினார். "யாரு இந்த லாரிக்காரன்? பொண்ணு வீட்டுச் சொந்தமா? நம்ம கார்ல கேக்கு இருக்குன்னு சொல்லுங்க, மெதுவா வரட்டும்."

அப்போதுதான் மிலுதின் தேவாலயச் சந்துக்குள் திரும்ப ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வளைத்தார்.

"இடது பக்கம் லாரி!" என்று துன்யா கத்தினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க குமே!"

மனிதர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார். என் நெற்றி முன் கண்ணாடியில் மோதியது. கேக் பெர்சிதாவின் மடிக்கு வந்தது. வெளியே படார் என்று ஒரு சத்தம். லாரி போய்விட்டது. அதன் மரக்கட்டைகளில் ஒன்றின் முனையில் ஸ்தாமெனாவின் பூ வேலைத் துண்டு மாட்டிக்கொண்டு, அதன் நுனியில் மிலுதினின் இடது காது தொங்கிக்கொண்டு போனது. பார்ப்பவர்களுக்கு ஏதோ அந்த லாரியும் கல்யாணத்துக்கு வந்தது போலத்தான் இருந்திருக்கும்.

யாருக்கும் அடி இல்லை. என் நெற்றியைத் தவிர, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

சந்து முனையில் போலீஸ்காரர் ரான்கோ நின்றிருந்தார். ஊர்வலம் தடையின்றிப் போக ஒரு ஆள் வேண்டும் என்று குழுத் தலைவர் என்ற முறையில் மிலுதினே கேட்டு வாங்கிய காவல் அது. ரான்கோ ஓடி வந்தார்.

"நீ பாத்தியா?" என்றார் மிலுதின்.

"இல்லை சார். நான் உங்களுக்கு சல்யூட் அடிச்சிட்டு இருந்தேன்."

லாரிக்காரர் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். திஹோமிர் என்று பெயர். ஒல்லியான ஆள். பக்கக் கண்ணாடியைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"யோவ், ஹாரன் அடிச்சேனா இல்லையா?" என்றார்.

"நாங்களும்தான் அடிச்சோம்," என்றார் மிலுதின்.

"நீங்க அடிச்சது கல்யாணத்துக்கு. நான் அடிச்சது உயிருக்கு."

"திரும்புற இடத்துல முந்தலாமா? சட்டம் தெரியுமா உனக்கு? நான் யாருன்னு தெரியுமா?"

"முகத்தைப் பாத்த மாதிரிதான் இருக்கு," என்றார் திஹோமிர். "ஏதோ நோட்டீஸ்ல, கண்ணாடிக்குள்ள."

ரான்கோ இருவருக்கும் நடுவில் நின்று தொப்பியைச் சரி செய்துகொண்டார். அவருக்கு லைசன்ஸ் கொடுத்ததே மிலுதின்தான். ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "சார், வேற ஒண்ணுமில்ல, எழுதணுமேன்னு கேக்குறேன். திரும்புறதுக்கு முன்னாடி நீங்க கண்ணாடி பாத்தீங்களா?"

லிபோவிட்சாவில் மிலுதினிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து நின்றார்.

"பாத்தேன். லாரி தூரத்துல இருந்துது. வேகமா வந்து இடிச்சிட்டான். என் கார்ல இருந்தவங்களைக் கேளு."

ரான்கோ என்னைப் பார்த்தார். நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன், உண்மை. பெர்சிதா மடியிலிருந்த கிரீமை வழித்துக்கொண்டே, "நான் கையாட்டிட்டு இருந்தேன்," என்றார், அதுவும் உண்மை. மிச்சம் இருந்தது துன்யாதான்.

இதற்குள் மற்றக் கார்களில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிச் சுற்றி நின்றார்கள். ஸ்தாமெனா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, மருமகளைப் பார்த்து, யாரும் கவனிக்காததாக நினைத்து, பலமாகத் தலையாட்டினாள். போக்தான் ஒன்றும் புரியாமல் கல்யாணப் பூங்கொத்தோடு நின்றான். எக்ரெம் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு சொல்லும்," என்றார் மிலுதின். குரல் கனிந்திருந்தது. "பொண்ணு பின்னாடியே பாத்துட்டு வந்துது. நான் கண்ணாடி பாத்தேனா இல்லையா, சொல்லும்மா. அவசரமே இல்லை. புதன்கிழமை தேர்வுக்கு யோசிக்கிற மாதிரி நல்லா யோசிச்சுச் சொல்லு."

எல்லோருக்கும் புரிந்தது. திஹோமிருக்குக் கூடப் புரிந்தது, புதன்கிழமை என்ன என்று தெரியாமலே.

துன்யா கவுனைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். மிலுதினைப் பார்த்தாள். பிறகு ரான்கோவிடம் திரும்பினாள்.

"சார், இதுக்கு என்னைச் சாட்சி வைக்காதீங்க. கண்ணாடி விஷயம் எனக்குத் தெரியாதுன்னு கும்மே ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு. அவர் தப்பா எழுதியிருப்பாரா? தெரியாதவ நான் 'பாத்தாரு'ன்னு சொன்னா, அது அவருக்குத்தானே அசிங்கம்."

முதலில் எக்ரெமின் வேனுக்குள்ளிருந்து டிரம்காரர் சிரித்தார். அது பரவியது. பெர்சிதா கூடச் சிரித்துவிட்டு, கிரீம் பூசிய கையால் வாயை மூடிக்கொண்டார்.

ரான்கோவுக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை, எழுதாமல் விடவும் வழி இல்லை. "மன்னிக்கணும் சார், ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு மிலுதினின் காரில் ஏறினார். அவர் மிலுதினிடம் படித்தவர் அல்லவா, முதலில் சீட்டைச் சரி செய்தார். மிலுதினின் தலை தன்னையறியாமல் 'அப்படித்தான்' என்று அசைந்தது. ரான்கோ மிச்சமிருந்த வலது கண்ணாடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னய்யா தெரியுது?" என்றார் திஹோமிர்.

"பருந்து," என்றார் ரான்கோ. "ஒரு பருந்து வட்டமடிக்குது."

அதை அப்படியே எழுதவில்லை. கண்ணாடி பார்க்கும் நிலையில் இல்லை என்று எழுதினார். மிலுதின் எட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது, பாதிரியாருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மிலுதின் காரைச் சுற்றி வலப்பக்கம் வந்து, ஸ்தாமெனா போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி, தானே துண்டை அவிழ்த்தார். துண்டு அவிழ்ந்ததால் எந்தக் கெட்டதும் நடக்கவில்லை. திரும்பி வந்து காரில் ஏறிக் குமிழை அமுக்கினார், கண்ணாடி கீழே இறங்கியது, சாலை தெரிந்தது. மிச்சத் தூரத்தை யாரும் பேசாமல் கடந்தோம். அது மொத்தம் தேவாலயத்தின் மதில் நீளம்.

தேவாலயத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல கும். விருந்தில் முதல் தட்டு அவருக்குத்தான் போனது. பன்றிக்கறி வந்ததும் எழுந்து நின்று, குடும்பம், நம்பிக்கை, பிறர் செய்யும் தவறுகள் ஆகியவை பற்றி நெடுநேரம் பேசினார். ஸ்தாமெனா விடாமல் திஹோமிரையும் இழுத்து வந்து உட்கார வைத்திருந்தாள். மிலுதினின் பேச்சு முடியும்வரை அவர் நிதானமாகச் சாப்பிட்டார். மிலுதின் துன்யாவின் பக்கம் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது மட்டும் அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, "புதன்கிழமை பாக்கலாம்," என்றார்.

"இதைத்தான் சொன்னேன்," என்று ஸ்தாமெனா பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். "ஒரே ஒரு வார்த்தை. பாத்தாருன்னு சொன்னா நாக்கு தேய்ஞ்சா போயிடும்? வேலை போச்சு."

"போனாப் போகட்டும் அத்தை," என்றாள் துன்யா. அவள் குரலில் அப்படிப் போகட்டும் என்பது இல்லை. அந்த ஞாயிறும் திங்களும், புது மாப்பிள்ளையைத் தேடிப் பார்த்தால், போக்தான் என் பழைய காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பான். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சீட்டு, உள் கண்ணாடி, இடது, வலது என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காபிக் கடையில் மிலுதின் தானாகவே செய்தி சொன்னார். "நாளைக்கு நான் ஊர்ல இல்லை. மாவட்டத்துல கூப்பிட்டிருக்காங்க. கண்ணாடி விஷயமாத்தான்."

அது உண்மைதான். ரான்கோ எழுதியது மேலே போயிருந்தது. விபத்துக்குக் காரணமான தேர்வாளர்கள் ஒரு நாள் மறுபயிற்சிக்குப் போய் உட்கார வேண்டும் என்று விதி. அவர் நல்ல கோட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனார், காரில் இன்னும் ஒரு காது ஒட்டவில்லை.

புதன்கிழமை அவருக்குப் பதிலாக வேறு ஊரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய புரெக், உள்ளே கறி வைத்துச் சுட்ட எண்ணெய்ப் பலகாரம். பேண்டில் எண்ணெய் படாமல் மடியில் ஒரு காகிதத்தை விரித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில் இருந்தேன், ஒரு ஆள் கூட இருக்கலாம் என்று அனுமதித்தார்கள்.

துன்யா சீட்டைச் சரி செய்தாள். உள் கண்ணாடியைச் சரி செய்தாள். குமிழை இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். கோடு நடுவில் வந்ததா என்று பார்த்தாள், கொஞ்சம் இறக்கினாள், கொஞ்சம் ஏற்றினாள். குமிழை நடுவில் விட்டாள். விட்டதை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

தேர்வாளர் புரெக்கை மென்றுகொண்டே கேட்டார்: "தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப போலாம்."

ஊரைச் சுற்றினாள். மேட்டில் நிறுத்தி எடுத்தாள். தேவாலயச் சந்துக்குத் திரும்புமுன் கண்ணாடி பார்த்தாள், தோளுக்கு மேலாகவும் பார்த்தாள், டிராக்டர் ஒன்று போகும்வரை நின்றாள், திரும்பினாள். வந்து நிறுத்தியதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "சார், நீங்க ஒண்ணுமே கேக்கலையே?"

"திரும்பறப்போ நீ பாத்தே. நீ பாத்ததை நான் பாத்தேன். அப்புறம் என்ன கேக்கறது?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நல்ல செய்தியை முதலில் கும்முக்குச் சொல்ல வேண்டும் என்று ஸ்தாமெனா பிடிவாதம் பிடித்தாள். மறுநாள் துன்யா கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். டிரைவிங் ஸ்கூல் அறையில் புதிதாக ஒரு சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. கண்ணாடிகளின் சரியான பயன்பாடு பற்றிய பயிற்சியில் மிலுதின் கலந்துகொண்டார் என்று அதில் இருந்தது. பயிற்சி கொடுத்தவரா, பெற்றவரா என்று அதில் இல்லை. பெர்சிதா காபி கொண்டுவந்தார்.

மிலுதின் லைசன்ஸைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என் மாணவி," என்றார். "நான் ரெண்டு தடவை கண்டிப்பா நிறுத்தலேன்னா, நேத்து நீ பாஸ் ஆகியிருப்பியா, சொல்லு?"

"ஆகியிருக்க மாட்டேன் குமே," என்றாள் துன்யா. "போன மாசமே ஆகியிருப்பேன்."

பெர்சிதாவுக்குக் காபி புரையேறியது. மிலுதின் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, கேக்கில் இன்னொரு துண்டு வெட்டச் சொன்னார்.

மாதம் முடிவதற்குள் அவள் சுகாதார நிலையத்தில் சாவி வாங்கினாள். அவர்கள் கொடுத்தது பழைய வண்டி. அதில் பொத்தானும் இல்லை, குமிழும் இல்லை. முதல் நாள் காலை, பனிக்காற்றில் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, விரலால் தள்ளித் தள்ளி இடது கண்ணாடியைச் சரி செய்தாள். பிறகு இறங்கிச் சுற்றிப் போய் வலது கண்ணாடியையும் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள். சரியாக வரவில்லை. மறுபடி இறங்கினாள்.